தோலில் ஒரு புண், கணையத்தில் ஒரு கட்டி





வழக்கமாக இந்தப் பக்கத்தில் நீரிழிவு, காசநோய், இரத்த அழுத்தம் போன்ற, நாம் அடிக்கடி பார்க்கிற நோய்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். இம்முறை மிக அபூர்வமான ஒரு நோயைப் பற்றி எழுதத் துணிகிறேன். அதன் பெயர் குளுக்ககனோமா. கணையத்தில் தோன்றும் ஒருவகைக் கட்டி அது. இரண்டு கோடி பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு இது வரலாம் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. நம் கடலூர் மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 26 லட்சம் பேர். அப்படியானால் மாவட்டம் முழுவதற்கும் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருவர் என்றாகிறது. நம் மருத்துவமனையில் இதுவரை இப்படி ஒருவரை நாங்கள் கண்டறிந்ததில்லை.

அப்படியானால் ஏன் இதற்காக ஒரு பக்கத்தைச் செலவிட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் காணிக்கைப் பணத்தில் அச்சாகிற பக்கம் அல்லவா! இந்த நோய் பெரும்பாலும் முதலில் வெளியே காட்டுவது தோலில் ஒரு தடிப்பைத்தான். அந்தத் தடிப்பைப் படர்தாமரை என்றும், கரப்பான் என்றும், தூசி ஒவ்வாமை என்றும் நினைத்து ஆண்டுக்கணக்கில் களிம்பு பூசிக்கொண்டிருப்பவர்கள் உலகமெங்கும் இருந்திருக்கிறார்கள். உள்ளே கட்டி வளர்ந்து ஈரலுக்குப் பரவிய பிறகே பலருக்கு உண்மை தெரிந்திருக்கிறது. தோலைக் கவனமாகப் பார்க்கப் பழகினால் இந்த ஒரு நோய் மட்டுமல்ல, நம் வெளிநோயாளர் பிரிவுக்குத் தினமும் வருகிற வேறு பல நோய்களும் முன்கூட்டியே பிடிபடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நெய்வேலியில் வாழ்கிறவர்களுக்கு, மேலே தெரியும் அடையாளத்தைக் கொண்டு கீழே இருப்பதை அறிவது புதிய காரியமல்ல. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அதைச் சேறு என்று தள்ளிவிடாமல் அரசுக்குத் தெரிவித்தார். பிறகு பூமியியல் வல்லுநர்கள் வந்தார்கள். 1956இல் நிறுவனம் பிறந்தது. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கறுப்பு நீரைக் கண்டவர்கள் அவருக்கு முன்னும் இருந்திருக்கலாம். இது எங்கிருந்து வருகிறது என்று விடாமல் கேட்டவர் அவர்.

ஆனால் இதே நெய்வேலியில் தோல் நோய்க்கு ஓர் ஆயத்த பதிலும் உண்டு. அரிப்பு என்றால் நிலக்கரித் தூசி. தடிப்பு என்றால் அனல்மின் நிலையத்துச் சாம்பல். கொப்புளம் என்றால் சித்திரை வெயில். தொடை இடுக்கில் புண் என்றால் ஷிஃப்டு வேலையில் வியர்வை ஊறியது. இவற்றில் பல உண்மையும்கூட. தூசியும் வியர்வையும் தோலைக் கெடுக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஆயத்த பதில் இருக்கிற இடத்தில் இரண்டாவது கேள்வி பிறப்பதில்லை.

கணையம் செய்யும் வேலை

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கிற உறுப்பு கணையம். ஏறக்குறைய ஒரு சாண் நீளம். உணவைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரப்பது அதன் பெரிய வேலை. ஆனால் அதற்குள்ளே கடலில் தீவுகள் சிதறிக் கிடப்பதுபோல் சிறு சிறு திட்டுக்கள் இருக்கின்றன. 1869இல் ஜெர்மனியில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் நுண்ணோக்கியில் இவற்றை முதலில் விவரித்தார். இவை எதற்காக இருக்கின்றன என்பது அவருக்கே விளங்கவில்லை.

இந்தத் திட்டுக்களில் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. நம் நீரிழிவு நோயாளிகளுக்கு இந்தப் பெயர் மனப்பாடம். ஆல்ஃபா செல்கள் குளுக்ககானைச் சுரக்கின்றன. இந்தப் பெயர் 1923இல் வைக்கப்பட்டது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு இரண்டே ஆண்டுகளுக்குப் பிறகு. இரண்டும் எதிரெதிர் வேலை செய்கின்றன. சாப்பிட்டவுடன் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலின் செல்களுக்குள் சேர்க்கிறது. உபவாசமிருக்கும்போது சர்க்கரை இறங்கிவிடாதபடி குளுக்ககான் ஈரலைத் தூண்டி, சேமித்து வைத்ததை எடுத்து வெளியே விடச் செய்கிறது. சேமிப்பு போதாவிட்டால் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களையே சர்க்கரையாக மாற்றச் சொல்கிறது.

ஆல்ஃபா செல்களில் ஒரு கட்டி உண்டாகி, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளுக்ககானைக் கொட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? உடம்பு எப்போதும் பட்டினி கிடப்பதாக எண்ணிக்கொள்கிறது. சாப்பிட்ட சாப்பாடு சாப்பிட்டபடி இருக்க, ஈரல் அமினோ அமிலங்களை எரித்து எரித்துச் சர்க்கரையாக்குகிறது. சர்க்கரை ஏறுகிறது, எடை இறங்குகிறது. இரத்தத்தில் அமினோ அமிலங்களின் அளவு வெகுவாகக் குறைந்துபோகிறது. தோல் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய உறுப்பு. அதற்குக் கட்டுமானப் பொருள் வராமற்போனால் மேலடுக்கு மாண்டு கழன்றுவிடுகிறது. தோல் புண்ணாவதற்கு இதுவே முக்கிய காரணம் என்று கருதப்படுகிறது. துத்தநாகச் சத்தும் சில கொழுப்பு அமிலங்களும் குறைவதும் இதனோடு சேர்கின்றன. நாளத்தின் வழியே அமினோ அமிலங்களை ஏற்றியபோது, கட்டி அப்படியே இருக்கையிலேயே புண்கள் ஆறிய நோயாளிகள் உண்டு என்பது இதற்கு நல்ல சான்று.

தடிப்பு எப்படி இருக்கும்?

ஒரு தாயாரை எண்ணிப் பாருங்கள். இவர் எந்த ஒரு நோயாளியும் அல்ல. பல நாட்டு மருத்துவ ஏடுகளில் வெளியான வரலாறுகளைச் சேர்த்து, நமக்குப் புரியும்படி நெய்வேலியில் வைத்துப் பார்க்கிறோம். ஐம்பத்தைந்து வயது. நகரியத்துக்கு வெளியே மந்தாரக்குப்பம் பக்கத்தில் வீடு. முதலில் தொடை இடுக்கில் ஒரு சிவந்த படை. நம் நிறத்துத் தோலில் அது சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோதான் தெரியும். படை வளையம்போல் விரிகிறது. நடுவில் மெல்லிய கொப்புளம் எழும்பி உடைந்து, பொருக்குத் தட்டி, கறுத்த தழும்போடு ஆறுகிறது. அதற்குள் ஓரம் இன்னும் சற்றுத் தள்ளிப் போய்விட்டது. ஒரு சுற்று முடிய ஒன்றிரண்டு வாரம். அடுத்து அடிவயிற்றில், பிட்டத்தில், கணுக்காலில், வாயைச் சுற்றி. இப்படி இடம் மாறிக்கொண்டே போவதால்தான் மருத்துவர்கள் இதற்கு நெக்ரோலிடிக் மைக்ரேட்டரி எரித்திமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தோல் மாண்டு கழலும், இடம் பெயரும், சிவந்த படை என்பது அதன் பொருள். அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகமாக இருப்பதுண்டு.

அந்தத் தாயாருக்கு வாயோரம் வெடித்திருக்கிறது. நாக்கு வழவழவென்று செக்கச்செவேலென இருக்கிறது. குழம்பு பட்டால் எரிகிறது. ரத்த சோகை. புதிதாகச் சர்க்கரை என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆலயத்துக்கு வரும்போது ரவிக்கை தொளதொளக்கிறது. அக்கம்பக்கத்தார் "சர்க்கரை வந்தா இளைச்சுத்தான் போவாங்க" என்கிறார்கள். முகத்தில் களை இல்லை, ஜெபக்கூட்டத்துக்கும் வருவதில்லை. மனச்சோர்வு என்று எவரும் பெயர் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. காலின் ஆழமான நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கிறது. அந்த உறைகட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இந்நோயில் இறந்தவர்களில் சிலர் கட்டியால் அல்ல, இதனாலேயே இறந்தார்கள்.

தோலுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர், காலுக்கு ஒரு டாக்டர். ஒவ்வொருவரும் தம் பங்குக்குச் சரியாகவே மருந்து தருகிறார்கள். நான்கையும் ஒரே சீட்டில் எழுதிப் பார்க்க ஒருவர் வேண்டும்.

முதலில் எழுதிப் பார்த்தவர்கள்

1942இல் அமெரிக்காவில் பெக்கர் என்ற தோல் மருத்துவரும் அவருடைய தோழர்களும், பரவலான தோல் புண்ணும் கணையக் கட்டியும் ஒன்றாக இருந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். உள்ளே இருக்கும் கட்டியைத் தோல் காட்டிக்கொடுக்கும் என்பதே அவர்கள் சொன்னது. அப்போது குளுக்ககானை இரத்தத்தில் அளக்க வழியே இல்லை. 1959இல் ராஜர் அங்கர் அதற்கான முறையை உருவாக்கினார். 1966இல் மெக்காவ்ரனும் அவர் குழுவினரும், நீரிழிவும் தோல் புண்ணும் கொண்ட 42 வயதுப் பெண் ஒருவரின் கணையக் கட்டி குளுக்ககானைச் சுரப்பதை அளந்தே காட்டினார்கள். 1974இல் இங்கிலாந்தில் மாலின்சன், புளூம் முதலானோர் இப்படிப்பட்ட ஒன்பது நோயாளிகளைச் சேர்த்து விவரித்தபோதுதான் இது ஒரு தனி நோய்த்தொகுதி என்று உலகம் ஏற்றுக்கொண்டது. முதல் அடையாளத்துக்கும் முழுப் படத்துக்கும் நடுவே 32 ஆண்டுகள்! அதன் பின் இந்தியாவிலிருந்தும் தோல் மருத்துவ ஏடுகளில் அவ்வப்போது நோயாளர் வரலாறுகள் வெளிவந்திருக்கின்றன.

இன்று முழுப் படம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் தாமதம் தீரவில்லை. நம் நாட்டில் அதற்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும் கூட்டுக் களிம்புகள்! ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமிநாசினி மூன்றும் ஒரே குழாயில். ஸ்டீராய்டு எந்தப் படையையும் சில நாள் அமுக்கிவிடும். படை தணிந்தது, நோய் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். சாதாரணப் படர்தாமரையே இந்தக் களிம்புகளால் உருமாறி, மருந்துக்கு அடங்காமல் நாடெங்கும் பரவிவருகிறது என்று தோல் மருத்துவர்கள் சில ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். குளுக்ககனோமாவின் படையோ, மருந்தே இல்லாமலும் ஓரிடத்தில் ஆறி வேறிடத்தில் தோன்றும். ஆறியதைக் களிம்பின் கணக்கில் எழுதிவிடுகிறோம். என் அபிப்பிராயத்தில், களிம்பு பூசாமல் இரண்டு வாரம் பார்ப்பது பல நேரங்களில் புதிய களிம்பைவிட மேலான வைத்தியம்.

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இது பழக்கமான முறைதான். லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில் ஆசாரியன் தோலிலுள்ள தழும்பைப் பார்க்கிறான். சந்தேகமிருந்தால் உடனே தீர்ப்புச் சொல்லாமல் ஏழு நாள் பொறுத்து மறுபடியும் பார்க்கிறான். தேவையானால் இன்னும் ஏழு நாள். படர்ந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, ஆழமாக இருக்கிறதா என்றெல்லாம் நுணுக்கமாகச் சோதிக்கிறான். அங்கே சொல்லப்படுகிற நோய் இன்றைய தொழுநோய் மட்டுமல்ல என்று வேத அறிஞர்கள் விளக்குகிறார்கள். ஆனால் இருமுறை பார்க்கும் அந்த ஒழுங்கு எந்தத் தோல் மருத்துவருக்கும் பாடம்.

நம் நாட்டு மிஷன் மருத்துவமனைகள் தோலைப் பார்க்கக் கற்றதும் தொழுநோயாளிகளிடமிருந்துதான். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன என்று காட்டினார். அதுவரை எல்லோரும் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இன்றும் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. உணர்ச்சியற்ற வெளிறிய ஒரு தேமலை "அழுக்குத் தேமல்" என்று விட்டுவிட்டதால் கை மடங்கிப்போனவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் காணிக்கை எங்கே போகிறது?

சந்தேகம் வந்தபின் செய்ய வேண்டியது என்ன என்று பார்ப்போம். முதலில் தோலிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்க வேண்டும், பயாப்சி என்பார்கள். மிளகளவு துணுக்குப் போதும். ஆனால் ஆறிப்போன நடுப்பகுதியில் எடுத்தால் பயனில்லை. புதிதாக விரியும் ஓரத்தில் எடுக்க வேண்டும். மேல்தோலின் மேற்பாதி மட்டும் வெளிறி மாண்டிருப்பது நுண்ணோக்கியில் தெரியும். முதல் துணுக்கில் தெரியாவிட்டால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எடுக்க நேரிடும். ஏழை நோயாளியிடம் இதைச் சொல்லும்போது அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். "போன தடவை எடுத்தீங்களே டாக்டரம்மா" என்பார். அந்த இரண்டாவது துணுக்கின் செலவைத்தான் நம் ஏழை நோயாளர் நிதி ஏற்கிறது.

அடுத்தது இரத்தத்தில் குளுக்ககான் அளவு. வெறும் வயிற்றில் எடுத்து, குளிர்ச்சி மாறாமல் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இரத்தத்தின் ஒரு மில்லிலிட்டரில் 500 பிக்கோகிராமைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. 1000ஐத் தாண்டினால் ஏறக்குறைய உறுதி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஈரல் சுருங்கியவர்களுக்கும் ஓரளவு ஏறுமாதலால் எண்ணை மட்டும் நம்பலாகாது. பிறகு வயிற்றுக்குச் சி.டி. ஸ்கேன். கட்டி பெரும்பாலும் கணையத்தின் வால்பகுதியில் இருக்கும்; கண்டுபிடிக்கும்போது பல சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும்.

இவ்வளவும் நம் சிறிய மருத்துவமனையில் செய்ய முடியாது. நகரியத்தின் நிரந்தர ஊழியர்களுக்கு நிறுவனத்தின் பொது மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்களைப் புதுச்சேரி ஜிப்மருக்கோ வேலூருக்கோ அனுப்புவோம். அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் போன்ற உதவிகள் தகுதியுள்ள குடும்பங்களுக்கு உண்டு. ஆனால் பஸ் சத்தம், கூட வருகிறவரின் சாப்பாடு, நான்கு நாள் கூலி இழப்பு ஆகியவை எந்த அட்டையிலும் வராது. "அடுத்த மாசம் போறேன்" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சில நூறு ரூபாய்தான் நிற்கிறது. உங்களில் சிலர் பிறந்தநாளில் அனுப்பும் நூறு, இருநூறு அங்கேதான் போகிறது.

கட்டி பரவுமுன் பிடிபட்டால் கணையத்தின் வால்பகுதியை வெட்டியெடுத்துப் பூரண சுகம் காணலாம். அப்போது நடப்பதை வாசிக்கவே ஆச்சரியமாயிருக்கிறது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆறாதிருந்த புண்கள், கட்டி வெளியே வந்த சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் மறைந்துவிடுகின்றன. தோலுக்கு ஒரு மருந்தும் இடவில்லை! நம் தேவன் சரீரத்தின் அவயவங்களை ஒன்றோடொன்று எப்படி இணைத்திருக்கிறார் என்று எண்ணித் துதிக்கத் தோன்றுகிறது.

வருத்தமானதையும் மறைக்கலாகாது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் தெரியவரும்போதே அது ஈரலுக்குப் பரவியிருக்கிறது. அவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. இந்தக் கட்டி மெதுவாக வளரும் இனம். 1980களின் பிற்பகுதியில் வந்த ஆக்ட்ரியோடைடு என்ற ஊசிமருந்து கட்டி ஹார்மோன் சுரப்பதை அடக்குகிறது. கட்டி சுருங்காவிட்டாலும் புண் ஆறி, மனிதர் மறுபடி உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. கதிரியக்க லுட்டீஷியத்தைக் கட்டிக்கே கொண்டுசேர்க்கும் சிகிச்சையும் இந்தியாவின் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் இப்போது செய்யப்படுகிறது. பரவிய பின்னும் ஆண்டுகள் பல வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

இதே போன்ற படை வேறு காரணங்களாலும் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துத்தநாகச் சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு வாயைச் சுற்றியும் அடிப்பகுதியிலும் ஏறக்குறைய இதே புண் உண்டாகும். துத்தநாகம் கொடுத்தால் சில நாட்களில் ஆறும். நியாசின் சத்துக் குறைந்தால் வெயில் படும் இடங்களில், கழுத்தைச் சுற்றி அட்டிகைபோல், தோல் கறுத்து உரியும். சோளத்தையே உண்டு வாழ்ந்த தக்காணத்து மக்களிடம் இது காணப்பட்டதை ஐதராபாத்தில் டாக்டர் சி. கோபாலன் 1960ஐ ஒட்டி ஆராய்ந்தார். இன்று நாங்கள் இதைக் குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் பார்க்கிறோம். ஈரல் நோயாளிகளுக்கும் குளுக்ககான் கட்டியே இல்லாமல் இந்தப் படை வருவதுண்டு. ஆகவே ஒரு படையைப் பார்த்தவுடன் யாரும் கலங்க வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அது படர்தாமரையாகவோ கரப்பானாகவோதான் இருக்கும். பூஞ்சை மருந்துக்கும் தோல் மருந்துக்கும் அடங்காமல் இரண்டு மூன்று மாதம் நீடித்து, அதனோடு எடை குறைந்து, நாக்குப் புண்ணாகி, சர்க்கரையும் புதிதாகத் தென்பட்டால் மட்டுமே மேலே பார்க்க வேண்டும்.

உங்கள் சபையில் அப்படி யாராவது இருந்தால், ஜெபித்து, நம் மருத்துவமனைக்கோ உங்களுக்கு அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ அழைத்து வாருங்கள். படை இருக்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டே பல தாய்மார் காலம் கடத்துகிறார்கள்; பெண் மருத்துவர் பார்ப்பார் என்று முன்னமே சொல்லிவிடுங்கள். வருகிற அன்று காலை எந்தக் களிம்பும் பூச வேண்டாம். பழைய மருந்துச் சீட்டுகளையும், இதுவரை பூசிய களிம்புக் குழாய்களையும், காலியாகிப் போனதானாலும் சரி, ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.